ஷக்தி 1976: மெட்டு முடிந்த பிறகு தாளம் எங்கே போகிறது?

நடைபேதம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல நாட்டு இசையை ஜாஸுடன் கலந்த ஆல்பங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். பாதிக்கு மேல் ஒரே கதைதான். தொடக்கத்தில் புதிதாக ஒரு தாளம் வரும், அதன் மேல் ஒரு மெட்டு வரும், காதுக்கும் இதமாக இருக்கும். மெட்டு முடிந்து சாக்ஸபோன்காரரோ பியானோக்காரரோ கற்பனையாக வாசிக்க ஆரம்பித்தவுடன் அந்தத் தாளம் கழன்றுகொள்ளும். எல்லாரும் பழகிய நாலடித் தாளத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கடைசியில் மெட்டு மறுபடி வரும்போது தாளமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்திருக்கிறேன். மெட்டு முடிந்த பிறகு தாளம் எங்கே போகிறது? கற்பனை ஓடும்போதும் தாளம் கூடவே இருந்தால், வாசிப்பவர் அந்தத் தாளத்திலேயே யோசிக்கிறார். விட்டுப் போனால், எழுதி வைத்ததை வாசித்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் காதில் இதில் முழுசாகத் தேறிய ஆல்பம் ஷக்தி குழுவின் முதல் ஆல்பம். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்து சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. 1976இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பியானோ இல்லை. மூன்றே உருப்படிகள். 'ஜாய்' 18 நிமிடம், 'லோட்டஸ் ஃபீட்' 5 நிமிடத்துக்கும் குறைவு, மூன்றாவது கிட்டத்தட்ட 29 நிமிடம்.

'ஜாய்' கேளுங்கள். கிட்டாரும் வயலினும் ஒரே வரியைத் தலைதெறிக்கிற வேகத்தில் சேர்ந்து வாசிக்கின்றன. அப்புறம் ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, கேள்வியும் பதிலும் குறுகிக்கொண்டே வருகின்றன. அந்த வேகத்திலும் கீழே கணக்கு ஒரு மாத்திரை கூடப் பிசகவில்லை. எழுதி வைத்த பகுதியும் கற்பனைப் பகுதியும் ஒரே தரையில் நிற்கின்றன.

இந்த அளவுகோலில் ஓட்டை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். மற்ற ஆல்பங்களையும் இதில் வைத்துப் பார்க்கலாம்.


சொற்கட்டு எழுதியது:

அருமையான இழை. நான் மிருதங்கம் கற்றுக்கொண்டிருப்பவன், அந்தக் காதோடு ஒன்று சொல்கிறேன். ஷக்தியின் ஆரம்பகால மூன்று ஆல்பங்களில் ராகவன் இருப்பது முதல் ஆல்பத்தில் மட்டும்தான். அடுத்து வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' இரண்டிலும் நான்கு பேர்தான். அந்த வித்தியாசத்தை நான் முதலில் கவனிக்கவே இல்லை. ஒருநாள் ஹெட்போனில் கடத்தை மட்டும் பின்தொடர்ந்தபோதுதான் பிடிபட்டது.

கடத்தில் வாய்ப்பக்கத்தை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். வயிற்றைச் சற்று விலக்கினால் 'கும்' என்று அடியிலிருந்து ஒரு காற்று வரும், அழுத்தினால் அது அடைபடும். கழுத்தில் விரல் நுனி படும்போது கல்லைத் தட்டின மாதிரி கூர்மையான சத்தம். ஒரு மண்பானைக்குள் பேஸும் இருக்கிறது, ஜாஸ் டிரம்மர் தட்டுகிற சிம்பலின் வேலையும் இருக்கிறது. டிரம்ஸ் இல்லாத குறை தெரியாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.


பழையதட்டு எழுதியது:

நடைபேதம் ஐயா, நீங்கள் பெயர் சொல்லாமல் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' ஆல்பத்தைக் குறிவைக்கிறீர்கள் என்று படுகிறது. அதற்காக நான் கொஞ்சம் பேசியாக வேண்டும். எனக்கு ஜாஸ் அறிமுகமானதே அந்தத் தட்டில்தான்.

1958இல் டேவ் புரூபெக் குழுவை அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு நீண்ட சுற்றுப்பயணம் அனுப்பியது. போலந்து, துருக்கி, ஈரான், ஈராக், இந்தியா, இலங்கை என்று போனார்கள். இஸ்தான்புல் தெருவில் சிலர் ஒன்பதடித் தாளம் ஒன்றை வாசிப்பதைப் புரூபெக் கேட்டார். மூன்று மூன்றாகப் பிரித்த ஒன்பது இல்லை அது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. அதிலிருந்துதான் 1959இல் அந்த ஆல்பத்தின் 'புளூ ரோண்டோ அலா டர்க்' பிறந்தது.

நீங்கள் சொல்வது உண்மைதான், அதில் கற்பனைப் பகுதி வரும்போது நாலடிக்கு, சாதாரண பன்னிரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) புளூஸுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் போகிற விதத்தைக் கவனித்தீர்களா? இரண்டு பார் ஒன்பது, இரண்டு பார் நாலு, மறுபடி இரண்டு பார் ஒன்பது என்று மாற்றி மாற்றி வாசித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் புளூஸில் இறங்குகிறார்கள். தையலை மறைக்கவில்லை, வெளியே தெரியும்படி போட்டிருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் நுழையும்போது கிடைக்கும் நிம்மதி, முன்னால் அந்த ஒன்பதின் நெருக்கடி இருந்ததால்தானே கிடைக்கிறது?

இன்னொன்று. அதே பயணத்தில் அவர்கள் சென்னைக்கும் வந்தார்கள். டிரம்மர் ஜோ மொரெல்லோ அங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். ஜாஸ் டிரம்ஸில் கைவிரலின் நுணுக்கத்துக்குப் பேர் போன ஒருவரும் மிருதங்கத்தில் இடக்கை மேதை ஒருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்ததை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.


புதுக்காது எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், நான் இந்தப் பக்கம் புதிது. இந்த இழையைப் படித்துவிட்டு ஷக்தி ஆல்பத்தைப் போட்டேன். பிடித்திருக்கிறது, ஆனால் 'ஜாய்' பாதியில் தாளம் கையை விட்டுப் போய்விடுகிறது. தொடையில் தட்டிக்கொண்டே வருகிறேன், அவர்கள் முடிக்கிற இடத்தில் என் கை வேறு எங்கோ நிற்கிறது. பயிற்சி இல்லாதவர்கள் இதை எப்படிக் கேட்பது? இன்னொரு சந்தேகம், இதை ஏன் ஜாஸ் என்கிறோம்?


சொற்கட்டு எழுதியது:

புதுக்காது, கை தப்புவது எல்லாருக்கும் நடப்பதுதான். என் கதையைக் கேளுங்கள்.

'டைம் அவுட்'டில் 'டேக் ஃபைவ்' இருக்கிறதல்லவா, ஐந்தடி. கண்டசாபு என்ற நம் ஐந்தடித் தாளம் கற்ற தைரியத்தில் முதல் தடவையே தட்ட ஆரம்பித்தேன். தக தகிட, தக தகிட. எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது, ஆனால் பாட்டு என் கைக்கு எதிராகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. அப்புறம்தான் புரிந்தது, நம் கண்டசாபு இரண்டும் மூன்றும்; 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும். தகிட தக, தகிட தக. அதே ஐந்துதான், மடிப்பு விழுகிற இடம் வேறு. மாற்றிச் சொன்னவுடன் பியானோவின் அந்தத் திரும்பத் திரும்ப வரும் வரி என் நாக்கோடு ஒட்டிக்கொண்டது.

பழையதட்டு ஐயா சொன்ன 'புளூ ரோண்டோ'வுக்கும் இதைச் செய்து பாருங்கள். வாயால்:

தக தக தக தகிட
தக தக தக தகிட
தக தக தக தகிட
தகிட தகிட தகிட

நான்கு வரியும் ஒன்பதுதான். மூன்று தடவை நொண்டி நடை, நாலாவது தடவை நேர் நடை. இதை நாலைந்து முறை உரக்கச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் பியானோ உங்கள் வாயைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஷக்திக்கும் இதே வழிதான். கையை விட வாயை நம்புங்கள். கை அடியை மட்டும்தான் எண்ணும், வாய் அடிகளுக்கு நடுவில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லும்.

நடைபேதம் ஐயா, உங்கள் அளவுகோலின்படியே 'டேக் ஃபைவ்' தேறிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டெஸ்மண்ட் கற்பனை செய்யும்போதும் ஐந்து அப்படியே இருக்கிறது, மொரெல்லோவின் தனி வாசிப்பு முழுவதும் ஐந்தின் மேல்தான் நடக்கிறது.


நடைபேதம் எழுதியது:

பழையதட்டு ஐயாவிடம் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு பார் மாற்றத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதை ஒரு வாசற்படியாக நினைத்துப் பார்த்ததே இல்லை. நேற்றிரவு மறுபடி கேட்டேன். தையல் தெரிகிறது, தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள். தாளத்தை விட்டுவிடுவதும் சொல்லிவிட்டு வெளியேறுவதும் வேறுவேறு.


கம்பிநரம்பு எழுதியது:

நான் கிட்டார் வாசிப்பவன். எல்லாரும் தாளத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் சுரத்தின் பக்கமும் வரலாம்.

சாதாரண கிட்டாரில் கமகம் (சுரத்தை அசைத்து, வளைத்து வாசிப்பது) வாசிப்பது பெரிய போராட்டம். கட்டைகளுக்கு (ஃப்ரெட் எனும் குறுக்குத் தடுப்புகளுக்கு) நடுவில் விரலின் அடியில் மரம் வந்துவிடுகிறது. கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கலாம், ஆனால் விரல் சதை பலகையில் உரசிக்கொண்டே இருக்கும். வீணையில் அந்தச் சிக்கல் இல்லை, கட்டைகளுக்கு நடுவில் பள்ளம் இருக்கிறது, கம்பி அந்தரத்தில் நிற்கிறது. மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். ஷக்திக் காலத்தில் அவர் வாசித்த கிட்டாரை ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்து கொடுத்தார். கட்டைகளுக்கு நடுவில் மரத்தைக் குடைந்து வீணை மாதிரி பள்ளம் செய்யப்பட்டிருந்தது. கூடவே ஒலித்துளைக்குக் குறுக்காக ஏழு கம்பிகள், சுருதிக்காக.

என்னிடம் இருந்த ஒரு பழைய கிட்டாரின் மேல்கட்டைகளுக்கு நடுவில் நானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். மூன்று கட்டைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. முடித்துவிட்டுக் கம்பியை அழுத்தினபோது சுரம் தானாகவே மேலே ஏறியது. சந்தோஷமாக இருந்தது, அடுத்த நொடியே பயமும் வந்தது. ஏனென்றால் சாதாரணமாக ஒரு கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடித்தாலும் அழுத்தம் கொஞ்சம் கூடினால் எல்லாச் சுரமும் பிசகுகிறது. கமகத்துக்கு வாசலைத் திறந்தால் கார்டுக்கு இடைஞ்சல். அந்தக் கருவியில் அவ்வளவு வேகத்தில், அவ்வளவு சுத்தமாக, நடுநடுவே ஜாஸ் கார்டுகளும் போட்டு வாசித்த கை என்ன பாடுபட்டிருக்கும் என்பது தேய்த்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

புதுக்காதுவின் ஜாஸ் சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சங்கரின் வயலினுக்குப் பின்னால் மெக்லாஃப்லின் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கச்சேரியில் அந்த இடத்தில் தம்புரா மட்டும் இருக்கும். இவர் சின்னச் சின்ன கார்டுகளை, தாளத்தின் எதிர்ப்பக்கத்தில், வெட்டி வெட்டிப் போடுகிறார். பியானோக்காரர் ஒரு சாக்ஸபோனுக்குப் பின்னால் போடுவது மாதிரியேதான். ராகம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் அடியில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இது நடக்க ஒரு வாசல் முன்பே திறந்திருந்தது. 1940களின் ஜாஸில் கார்டுகள் பாருக்குப் பார் மாறும், அதற்கு மேல் ராகம் பாடவே முடியாது. 1959இல் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ'வில் நீண்ட நேரம் ஒரே சுரவரிசையில் நின்று வாசிக்கிற வழியைக் காட்டினார். ஒரே இடத்தில் நின்று விரிக்கலாம் என்று ஆனபிறகுதான் ராகத்தோடு ஜாஸ் பேச முடிந்தது. மெக்லாஃப்லினும் 1969இலிருந்து மைல்ஸின் ஆல்பங்களில் வாசித்தவர்தான்.


வடலி எழுதியது:

வயலின் பற்றி ஆரும் விரிவாகக் கதைக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல். சங்கர் சென்னையில் பிறந்தாலும் வளர்ந்தது இலங்கையில். அவருடைய தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் இரண்டு பேரும் வயலின்காரர்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அவர்களைப் பற்றிச் சொல்லும்போது 'எங்கட பிள்ளைகள்' என்றுதான் சொல்வார்கள்.

அவருடைய வாசிப்பில் நான் கவனிக்கிறது, அவர் எந்த இடத்திலும் விருந்தாளி மாதிரி உட்காரவில்லை. உலக இசை ஆல்பங்களில் அடிக்கடி நடக்கிறது என்னவென்றால், சிதாரோ வயலினோ ஒரு எட்டுப் பார் வந்து வாசனை தெளித்துவிட்டுப் போகும். ஷக்தியில் வயலின்தான் பாதி வீடு. மற்றப் பாதி கிட்டார்.

நடைபேதம் அண்ணை, உங்கள் அளவுகோலோடு எனக்கு ஒரு பிணக்கு இருக்கிறது. அதே ஆல்பத்தில் 'லோட்டஸ் ஃபீட்' இருக்கிறதே, அதை எங்கே வைப்பீர்கள்? அதில் கணக்கு வழக்கு ஒன்றுமில்லை. மெதுவான ஒரு மெட்டு, அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் 18 நிமிடப் புயலுக்குப் பிறகு அது வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த ஆல்பத்தில் நான் அதிகம் கேட்டது அதைத்தான்.

'கோடோனா' ஆல்பத்தையும் கேட்டுப் பாருங்கள். காலின் வால்காட், டான் செர்ரி, நானா வாஸ்கான்செலோஸ் மூன்று பேரின் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். 1979இல் முதல் ஆல்பம் வந்தது. சிதார், தபேலா, மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவி, பிரேசிலின் ஒற்றைக்கம்பி பெரிம்பாவ், ஒரு சின்ன டிரம்பெட். அதிலே பல இடங்களில் தாளம் மழை மாதிரி, எண்ண ஏலாது. மெட்டு முடிந்த பிறகு தாளம் எங்கே என்று கேட்டால், மெட்டு எங்கே முடிந்தது என்றே தெரியாது. அதனால் அது தேறாத ஆல்பமா?


நள்ளிரவு எழுதியது:

பொறுங்கள், கியூபா பக்கம் போகாமல் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது. நீங்கள் எல்லாரும் பேசுகிற சிக்கல் 1947லேயே ஒரு தட்டில் பதிவாகியிருக்கிறது.

ஜாஸ் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழு, 1947 டிசம்பர் 30இல் பதிவு செய்த 'மான்டேகா'. ஹவானாவிலிருந்து வந்த சானோ போசோ காங்கா என்ற கைமுரசை வாசித்தார். இருவருக்கும் பொதுவான பேச்சுமொழி கிடையாது. போசோ ஒவ்வொரு கருவியின் வரியையும் வாயால் பாடிக் காட்டித்தான் அந்தப் பாட்டு உருவானது. வாயால் பாடுகிற அந்த அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் மட்டும் கில்லெஸ்பி ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தார், அங்கே வந்ததும் கார்டுகள் மாற ஆரம்பிக்கின்றன, ஜாஸ் வந்துவிடுகிறது. சாக்ஸபோன் தனி வாசிப்பு வரும்போது குழு ஸ்விங் என்ற ஜாஸின் வழக்கமான நடைக்குத் தாவுகிறது. காங்காவும் டிரம்ஸும் இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரே கூரைக்குக் கீழே நிற்பது நன்றாகவே கேட்கிறது. அந்த உரசல் இருப்பதால்தான் அந்தப் பாட்டு இன்றும் சூடாக இருக்கிறது என்பேன். போசோ அடுத்த டிசம்பரில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தது ஒன்றேகால் வருடம்தான்.

கியூபா இசைக்கு கிளாவே என்று ஒரு முதுகெலும்பு உண்டு. இரண்டு மரக்குச்சிகளைத் தட்டுகிற ஐந்து அடி. குழுவில் ஆறு பேர் ஆறு விதமாக வாசித்தாலும் எல்லாரும் அந்த ஐந்து அடியோடு ஒத்துப்போக வேண்டும். சொற்கட்டு தம்பி, இதைச் சொல்லாக மாற்றித் தர முடியுமா? அடிகளுக்கு நடுவில் உள்ள தூரம் 3, 3, 4, 2, 4.


சொற்கட்டு எழுதியது:

முடியும் அண்ணா, செய்து பார்த்தேன்.

தகிட தகிட தகதிமி தக தகதிமி

கூட்டினால் 16. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கையைத் தட்டி, மற்றதை மனதுக்குள் சொன்னால் அதுதான் கிளாவே. எட்டடி ஆதி தாளத்தில் அடிக்கு இரண்டு என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, கச்சிதமாக முடிகிறது. வகுப்பில் சேர்ந்து கற்கும் நண்பர் ஆதி போட, நான் இதைத் தட்டினேன். முதல் இரண்டு ஆவர்த்தனம் தடுமாறினோம், மூன்றாவதில் இருவருமே சிரித்துவிட்டோம். எங்கள் ஆசிரியர் இந்த மாதிரிக் கலப்பையெல்லாம் விரும்ப மாட்டார். ஆனால் அவரே வந்து நின்று கேட்டுவிட்டு, 'கணக்கு சரியாத்தான் இருக்கு' என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.


நடைபேதம் எழுதியது:

வடலி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்தேன். 'கோடோனா'வை இரண்டு தடவை கேட்டேன். இந்த அளவுகோல் அதற்குப் பொருந்தாது, அந்த ஆல்பம் மிக நல்ல ஆல்பம். இரண்டும் உண்மை. அப்படியென்றால் என் கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

தாளத்தைப் பற்றிக் கேட்டேனே, அதன் பின்னால் எனக்கு உண்மையில் இருந்த கவலை வேறு. சேர்ந்து வாசிக்கும்போது யார் யார் தங்கள் பழக்கத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் அது. ஒருவர் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அவர் வீட்டுக்கு வந்து அலங்காரம் செய்துவிட்டுப் போனால் எனக்குப் பிடிப்பதில்லை.

ஷக்தியை இப்படிப் பார்த்தால் இன்னும் நிறையத் தெரிகிறது. மெக்லாஃப்லின் தன் முந்தைய குழுவான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் பெரும் சத்தத்தை, இரட்டைக் கழுத்து மின்கிட்டாரை வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சத்தத்துக்காக வந்த ரசிகர்களில் பலரை இழப்போம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சங்கர் கிருதியின் சாகித்யம் (பாடல் வரிகள்) தருகிற பிடிமானம் இல்லாமல், பின்னால் கார்டுகள் ஓடும் இடத்தில் ராகத்தைக் காப்பாற்றினார். ஜாகிர் உசேனுக்கு வடக்கத்திய தேக்காவை (தாளத்தைக் காட்டத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சொல்வரிசையை) பிடித்துக்கொண்டு ஓட முடியாது, கோர்வைகள் எனப்படும் கர்நாடகக் கணக்கு முடிப்புகளோடு சேர்ந்து இறங்க வேண்டும். விநாயக்ராமின் நிலைமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம், மிருதங்கம் விட்ட இடத்தில்தான் கை வைக்கும். இங்கே கடம் முன்வரிசையில் தபேலாவுக்குச் சமமாக உட்கார்ந்து பேசுகிறது. அவர் இழந்தது பாதுகாப்பு, கிடைத்தது ஒரு புது மேடை. அதற்குப் பிறகு உலகத்தில் கடத்தின் இடமே வேறு.

'லோட்டஸ் ஃபீட்' பற்றி நீங்கள் சொன்னது சரி. அங்கே அவர்கள் விட்டுக்கொடுத்தது தங்கள் திறமையையே. அவ்வளவு வேகம் கைவசம் இருந்தும் ஐந்து நிமிடம் அதைத் தொடவில்லை.


வடலி எழுதியது:

இப்ப ஒத்துக்கொள்கிறேன். 'கோடோனா'வில் டான் செர்ரி டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவியை எடுத்துப் பாடுகிற இடங்களும் உங்கள் இந்தக் கேள்விக்குள் வந்துவிடுகின்றன.


பழையதட்டு எழுதியது:

மெக்லாஃப்லினும் ஜாகிரும் விநாயக்ராமும் 1997இல் 'ரிமெம்பர் ஷக்தி' என்று மறுபடி சேர்ந்தார்கள், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு. அப்புறம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், கடத்தின் இடத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார், பிறகு சங்கர் மகாதேவன். அந்தக் காலத்து ஸ்ரீநிவாஸை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். ஒரு மின்சார மாண்டலினில் அவ்வளவு கமகம் எங்கிருந்து வந்தது! 2014இல் அவர் போனது இன்னும் ஆறவில்லை.

2023இல் 'திஸ் மொமென்ட்' வந்தது, வயலினில் கணேஷ் ராஜகோபாலன். 2024 பிப்ரவரியில் கிராமி விருதும் கிடைத்தது. அதே வருடம் டிசம்பர் 15இல் ஜாகிர் உசேன் காலமானார். அந்த வாரம் முழுவதும் நான் 1975ஆம் வருடக் கச்சேரியைத்தான் கேட்டேன். அப்போது அவருக்கு வயது 24. தபேலாவின் இடக்கைப் பகுதியான டக்காவில் அந்த 'கூம்' என்று வழுக்கி ஏறுகிற நாதம் எங்கே வந்தாலும், வேறு யாரும் இல்லை, அவர்தான் என்று தெரிந்துவிடும்.


நள்ளிரவு எழுதியது:

பழையதட்டு ஐயா, அந்த வாரம் நானும் அதைத்தான் கேட்டேன்.


புதுக்காது எழுதியது:

இத்தனை பேர் எழுதியதையும் இரண்டு தடவை படித்துவிட்டு வந்திருக்கிறேன். வாயால் சொல்லிப் பழகினேன். 'புளூ ரோண்டோ' பிடிபட்டுவிட்டது, 'டேக் ஃபைவ்' தகிட தக என்று சொன்னால் பிடிபட்டுவிட்டது. ஷக்தியில் கேள்வி பதில் வரை சமாளிக்கிறேன். ஆனால் ஒரு பகுதியை முடிக்கும்போது மூன்று தடவை ஒன்றையே சொல்கிறார்கள், அங்கே இன்னும் தடுமாற்றம். மூன்றாவது தடவை முடியும்போது எல்லாரும் ஒரே அடியில் விழுகிறார்கள், என் கை மட்டும் முன்னாடியே விழுந்துவிடுகிறது.


சொற்கட்டு எழுதியது:

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அதுதான் தீர்மானம். வடக்கே திஹாய் என்பார்கள். ஒரு சொல்லை மூன்று தடவை சொல்லி சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், இறங்குவது. தபேலாவும் கடமும் வேறுவேறு பள்ளிகளில் வளர்ந்திருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே ரத்தம், அதனால்தான் ஷக்தியில் அந்த இடங்களில் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி வந்து சேர்கிறார்கள்.

உங்கள் கை ஏன் முன்னாடியே விழுகிறது என்று ஊகிக்க முடிகிறது. தீர்மானம் பெரும்பாலும் அடியில் ஆரம்பிக்காது. சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். நாலடி, அடிக்கு நாலு மாத்திரை, மொத்தம் 16. முதல் மாத்திரையை விட்டுவிடுங்கள், வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டுங்கள். அடுத்த மாத்திரையிலிருந்து தகதகிட, தகதகிட, தகதகிட. ஐந்து மூன்று பதினைந்து, விட்டது ஒன்று, ஆக 16. அடுத்த 'தா' நேராக சமத்தில் உட்காரும். அந்த ஒரு மாத்திரை மௌனத்தில்தான் கை அவசரப்படும்.


புதுக்காது எழுதியது:

செய்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை தப்பினது. மௌனத்தில் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. அதே கையோடு 'ஜாய்' போட்டேன். எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் ஒரு இடத்தில் கடமும் தபேலாவும் கிட்டாரும் என் கையும் சேர்ந்து விழுந்தோம். உடனே நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். மறுபடி முதலிலிருந்து போடப் போகிறேன்.